காற்றில் சதுரம் போட்டவர்

அவரை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு ஜீப்பின் முன்சீட்டுக்காக நாங்கள் இருவரும் மோதிக்கொண்டபோது.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் பேத்துப்பாறை ஜீப் கிளம்ப இருந்தது. அதற்கு முந்தின வாரம்வரை திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் இருந்தேன், நகக்கண்ணெல்லாம் நீலம். மலையில் கேரட் கழுவுகிற வேலை கிடைக்கும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, ஸ்வெட்டர்கூட இல்லாமல் ஏறி வந்திருந்தேன். குளிருக்கு டிரைவர் பக்கத்து சீட்டுதான் தோது, இஞ்சின் சூடு காலுக்கு வரும். கதவில் கை வைத்தேன். அதே நேரத்தில் இன்னொரு கையும் வந்து விழுந்தது. இடது கை. கைக்குப் பின்னால் கம்பத்தில் சட்டை மாட்டியது போல ஒரு நெட்டை ஆள்.

“நான்தான் மொதல்ல வச்சேன்” என்றேன்.

“இல்லீங்க தம்பி. நான்தான்.”

அடுத்தது சட்டையைப் பிடிப்பதுதான் எங்கள் ஊர் முறை. அந்த ஆள் அதைச் செய்யவில்லை. இரண்டு ஆள்காட்டி விரலையும் நீட்டி, காற்றில் ஒரு டிவி பெட்டி அளவுக்குச் சதுரம் வரைந்தார். பிறகு ஜீப்புக்குள் தலையை நீட்டி, “யாரு கை மொதல்ல பட்டுச்சு? பாத்தவங்க சொல்லுங்க” என்றார்.

பூண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, “அந்தத் தம்பி கைதான். வெரசா ஏறுங்கய்யா, தலைக்கு மேல சோலி கெடக்கு” என்றாள்.

“சரி, நீங்கதான்” என்று சொல்லிவிட்டு அவர் பின்பக்கம் போய் மூட்டைகளுக்கு நடுவே காலை மூன்றாக மடித்து உட்கார்ந்துகொண்டார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பேத்துப்பாறையில் எல்லாரும் இறங்கிய பிறகு டிரைவர் சாவியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தான். வண்டியே அவருடையது.

“ஓட்டத் தெரியுமா?” என்று என்னைக் கேட்டார். அந்த டிரைவர் கல்யாணம் கட்டி வத்தலக்குண்டோடு போகப் போகிறானாம்.

“தெரியும்.”

“லைசன்ஸ்?”

“இருக்கு. போட்டோல மட்டும் மீசை இருக்கும்.”

அப்படித்தான் நான் கேரட் கழுவாமல் தப்பித்தேன். ஜீப் நிற்கிற கொட்டகையில் சாக்கு விரித்துப் படுத்துக்கொள்ள இடமும் கொடுத்தார். ஒரு பக்கம் பன்றி வரும், இன்னொரு பக்கம் பனி வரும். இரண்டுக்கும் பழகிக்கொண்டேன்.

அந்தச் சதுரத்தைப் பற்றி மற்ற டிரைவர்கள்தான் முதலில் சொன்னார்கள். அவர் போடாத இடமில்லை. டீயில் சர்க்கரை போட்டாச்சு என்று மாஸ்டர் சொன்னால் சதுரம். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டேன் என்றால் சதுரம். வில்பட்டியில் கூடப் பிறந்த அண்ணனோடு வரப்புத் தகராறில் போட்ட சதுரத்துக்கு அப்புறம் அண்ணன் வீட்டு நல்லது கெட்டதுக்கு இவரைக் கூப்பிடுவதில்லை. “கிறுக்கு இல்ல தம்பி, படிச்ச கிறுக்கு” என்றான் ஒருவன். இத்தனைக்கும் அவர் பன்னிரண்டாவது பெயில். நான் எட்டாவதோடு நின்றவன் என்பதால் எனக்கு அதுவே பெரிய படிப்பாகத் தெரிந்தது.

அவரிடமே கேட்டேன். கேரட் காட்டுக்குப் பயந்து பட்டாளத்துக்கு ஓடினவர் அவர். துப்பாக்கி கொடுப்பார்கள் என்று போனால் கத்தியைக் கொடுத்திருக்கிறார்கள். கால் நீளம், கை இடது. இது போதும் என்று எவனோ அதிகாரி இவரை வாள்வீச்சுக் குழுவில் தள்ளிவிட்டான். சேபர் என்று ஒரு வாள். முகத்தில் கொசுவலைக் கூண்டு, உடம்பில் ஜிகினாச் சட்டை, முதுகில் மாட்டைக் கட்டுகிற மாதிரி ஒரு வயர். இடுப்புக்கு மேலே எங்கே பட்டாலும் விளக்கு எரியும்.

“ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல எரிஞ்சா?” என்றேன்.

“அங்கதான தம்பி விஷயமே. நம்ம ரோட்டுல ஏறுற வண்டிக்குத்தான வழி? அதே மாதிரி. எவன் மொதல்ல பாய ஆரம்பிச்சானோ அவனுக்குத்தான் பாயிண்ட். நடுவுல தயங்கி நின்னுட்டான்னா வழி அடுத்தவனுக்குப் போயிரும். எவன் மொதல்லன்னு ரெஃப்ரி சொல்லணும். கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள நடக்கிற காரியம், அவரும் மனுசன்தான. அதனால ரெண்டு பேரும், நான்தான் நான்தான்னு தொண்டை கிழியக் கத்துவாங்க. முடிவு பிடிக்கலன்னா இப்பிடிச் சதுரம் போடலாம். வீடியோவைத் திரும்பப் போட்டுப் பாப்பாங்க.”

பல நாடுகளும் கூடி எல்லா விளையாட்டும் ஆடுகிற பெரிய போட்டி ஒன்றுக்கு, வாள்வீச்சு ஆண்கள் குழுவில் இவர் போயிருக்கிறார். குழுவில் மூன்று பேர் ஆடுவார்கள், நாலாவது ஆள் மாற்று. இவர் நாலாவது. “எப்பிடிண்ணே முடிஞ்சது?” என்றால் “தோத்தோம்” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நாட்டாமை பண்ணாத விஷயமே இல்லாத மனுசன் அதில் மட்டும் ஊமையாகிவிடுவார். ஜீப் ஸ்டாண்டில் அவருக்கு “தண்ணி பாட்டில்” என்று பெயர். நாலாவது ஆளுக்கு அதைத் தவிர என்ன வேலை என்பது டிரைவர்களின் துணிபு.

சதுரத்தால் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஒருநாள் கேரட் லோடோடு இறங்கிக்கொண்டிருந்தோம். பெருமாள்மலைக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் சுற்றுலா வேன் ஒன்று ஏறி வந்தது. வேன் தயங்கியது போலத் தெரிந்ததால் நான் வண்டியை முன்னால் விட்டேன். அவனும் விட்டான். இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு.

“அண்ணே, அவன் ஏறுற வண்டி. நான் பின்னால எடுத்துர்றேன்.”

“இருங்க. அவன் நின்னான். நின்னா வழி போச்சு.”

இறங்கிப் போய்ச் சதுரம் போட்டார். வேன் டிரைவருக்கு விளங்கவில்லை. “யோவ், என்னய்யா, கண்ணாடி தொடைக்கணுமா?” என்றான். வேனுக்குள் ஒரு பெண் வளைவை ஜன்னல் வழியாகப் போனில் படம் பிடித்துக்கொண்டே வந்திருந்தாள். இவர் அவளிடம் மரியாதையாக அந்தப் போனைக் கேட்டு வாங்கினார். வேனில் வந்தவர்களில் வாந்தி எடுக்காதவர்கள் எல்லாரும் இறங்கி அவரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். பின்னால் பஸ், லாரி, ஒரு கல்யாண கார் என்று ஆரன் சத்தம் காதைப் பிளந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“நிக்கல. மெதுவா ஆயிருக்கு, அவ்வளவுதான். வழி அவங்களுக்குத்தான். தம்பி, ரிவர்ஸ் எடுங்க.”

“இதை அப்பவே நான் சொன்னேன்லண்ணே.”

“நீங்க பயந்துட்டுச் சொன்னீங்க. இப்பப் பாத்துட்டுச் சொல்றோம்.”

முழு லோடோடு வளைவில் பின்னால் ஏற்றியவனுக்குத்தான் தெரியும் அந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை.

அவரைப் பற்றி நான் வியந்ததும் எரிச்சல்பட்டதும் ஒரே விஷயத்துக்குத்தான். எவ்வளவு பெரிய ரகளை செய்தாலும், தான் சொன்னது தப்பு என்று தெரிந்த அடுத்த நொடி சண்டை முடிந்துவிடும். நாம் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்போம்.

கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்கு அவரை விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். சர்வதேச வீரர் என்று மைக்கில் சொன்னார்கள். நான் ஜீப்பைத் துடைத்து, அவருடைய கோட்டையும் துடைத்துக் கூட்டிப்போனேன். யூகேஜி பிள்ளைகளுக்கு, வாயில் ஸ்பூன், ஸ்பூனில் எலுமிச்சம்பழம் என்று ஓட்டம். ஒரு குட்டிப் பெண் ஜெயித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். இவர் மேடையில் எழுந்து நின்று சதுரம் போட்டார்.

“சிஸ்டர், பழம் கயித்துக்கு முன்னாடியே விழுந்துருச்சு.”

பெரிய சிஸ்டர் பல்லைக் கடித்தபடி சிரித்து, “சார், இது யூகேஜி” என்றார்.

“யூகேஜியா இருந்தாலும் கயிறு கயிறுதானங்க சிஸ்டர்.”

அப்போதுதான் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி கூட்டத்திலிருந்து வந்தாள். முப்பதைத் தாண்டிய வயது, காதுக்குப் பின்னால் பேனா. ஓட்டத்தை அவள் போனில் பிடித்து வைத்திருந்தாள். அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பார்த்தார். பழம் கயிற்றைத் தாண்டித்தான் விழுந்திருந்தது. மேடையை விட்டு இறங்கி, மைதானத்தில் அந்தக் குட்டிப் பெண் முன்னால் மண்டிபோட்டு, “மன்னிச்சிரும்மா, நீதான் ஜெயிச்ச” என்றார். அவ்வளவு நீளமான ஆள் திடீரென்று மடிந்ததைப் பார்த்த குழந்தை அலறி அழுதது. ஆபீஸ் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு நம்ம அண்ணன் காலி.

அதற்கப்புறம் அந்தப் பள்ளி ஹாஸ்டலுக்குக் காய்கறி இறக்க அவரே வர ஆரம்பித்தார். மூட்டையை இறக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவேன். அவள் பண்ணைக்காட்டுக்காரி என்றும், அப்பா இல்லை என்றும், காப்பித் தோட்டத்துச் சரிவில் விழுந்து படுக்கையாகிவிட்ட அம்மாவோடு தனியாக இருக்கிறாள் என்றும் விசாரித்து வைத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எழுப்பி, “தம்பி, சட்டை மாத்துங்க. பொண்ணு கேக்கப் போறோம்” என்றார்.

“யாருக்கு?”

“ஏலே, எனக்குத்தான்.”

அவருக்கு வில்பட்டி அண்ணன் வீட்டோடு பேச்சு இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. ஆகவே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் நான். எனக்கு இருபத்தாறு வயது, காலில் ரப்பர் செருப்பு.

பண்ணைக்காட்டில் அவள் வீடு ரோட்டைவிடத் தாழ்வில் இருந்தது. முன்னறையில் நாங்கள் உட்கார்ந்தோம். உள்ளறையில் கட்டில், அதிலிருந்து அம்மாவின் தலையும் குரலும் மட்டும் வரும். பதற்றத்தில் இவர் வெற்றிலைத் தட்டை இடது கையால் நீட்டிவிட்டார்.

“யாருடி அது, சோத்தாங்கை இல்லாத ஆளா?” என்றது கட்டில்.

“இருக்குங்கம்மா” என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. தட்டை வாங்கவுமில்லை. நேராகவே சொன்னாள்.

“சார், உங்களைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா எனக்கு வேண்டாம். காலையில அம்மாவைத் தூக்கி உக்கார வச்சு, கழுவி விட்டு, சோறு ஊட்டிட்டு பஸ்ஸுக்கு ஓடுறேன். சாயங்காலம் வந்தா மறுபடி அதே. நடுவுல கெடைக்கிற கொஞ்ச நேரத்துல, யாரு மொதல்ல கதவைத் தொட்டதுன்னு ஒருத்தர்கூட வாதாட எனக்குத் தெம்பு இல்லீங்க.”

கதவு விஷயம் இவள் காதுவரை போயிருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திரும்பும்போது பெருமாள்மலைவரை அவர் வெற்றிலைத் தட்டை மடியிலேயே வைத்திருந்தார். அப்புறம், “அடுத்த ஞாயிறு மறுபடி ஒரு தடவை போவோம்” என்றார்.

“அண்ணே, பொண்ணு வீட்ல வேண்டாம்னுட்டா திரும்ப அந்தப் படி ஏறக் கூடாது. ஊரு சிரிக்கும்.”

“அது எப்ப சிரிக்காம இருந்துச்சு? அவங்க என்னை முழுசாப் பாக்கல தம்பி. பாதியைப் பாத்துட்டுச் சொல்லிட்டாங்க.”

அந்த வாரம் முழுக்க அவர் தூங்கின மாதிரி தெரியவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த என்னிடம் விடாமல் ஒத்திகை பார்த்தார். பண்ணைக்காட்டுக்கே குடிவந்துவிடுவேன். அம்மாவைத் தூக்க ஒரு ஆள் ஆச்சு. பள்ளிக்கூடத்துக்கு ஜீப்பில் கொண்டுபோய் விடுவேன். எல்லாம் நல்ல காரணங்கள். எனக்கே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முப்பத்தெட்டு வயதில் இதை விட்டால் இனி ஒன்று அமையாது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கதவைத் திறந்து, “வருவீங்கன்னு தெரியும். உக்காருங்க” என்றாள். கையில் போன். “உங்க ஆட்டம் இன்டர்நெட்ல கெடக்கு. தேடி எடுத்தேன்.”

அவர் முகம் போன போக்கை அதுவரை நான் பார்த்ததில்லை. “அது எதுக்குங்க” என்றார்.

“பாக்கணும். உங்களோட சேந்து.”

“என்னையும் கொஞ்சம் திருப்பிப் போடுடி, நானும் பாக்கேன்” என்றது கட்டில். அவள் எழுவதற்குள் இவர் எழுந்து போய் அம்மாவை ஒரு கையால் அணைத்துத் திருப்பி, தலையணையை முதுகுக்குக் கொடுத்துவிட்டு நின்றார். நாங்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம்.

நாற்பத்தைந்து பாயிண்ட் முதலில் எடுக்கிற குழு ஜெயிக்கும். ஆள் மாற்றி ஆள் ஒன்பது ஆட்டம். எட்டாவது முடிந்தபோது எதிராளிக்கு நாற்பது, நமக்கு முப்பத்தேழு. கடைசி ஆட்டம் ஆட வேண்டிய நம் ஆளுக்குக் கணுக்கால் பிசகி, ஐஸ் வைத்து உட்கார்ந்திருக்கிறான். ஓரத்து நாற்காலியில் கழுத்துவரை ஜிப் போட்டிருந்த நாலாவது ஆள் எழுந்தார். முதுகு வயரை மாட்டத் தெரியாமல் தடுமாறினார்.

“பாட்டில் எங்கண்ணே?” என்று நான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் நானும் சிரிக்கவில்லை. அந்த நெட்டைக் கால் ஒரே எட்டில் பாதி மேடையைத் தின்றது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. அதற்கப்புறம் எதிராளி ஒன்று எடுத்தால் இவரும் ஒன்று எடுத்தார்.

“எதுக்குடி ரெண்டு பேரும் விளக்கு எரிஞ்சதும் அந்தக் கத்துக் கத்துறானுக?” என்றாள் அம்மா.

“கத்தினா ரெஃப்ரி நம்புவாருங்கம்மா” என்றார்.

“எங்க பங்காளி கேஸ் மாதிரி.”

நாற்பத்துநாலு, நாற்பத்துநாலு. இனி ஒன்றுதான். இருவரும் பாய்ந்தார்கள். இரண்டு விளக்கும் எரிந்தது. எதிராளி கூரை பிய்கிற மாதிரி கத்தினான். இவர் கத்தவில்லை. ரெஃப்ரி கொஞ்சம் தயங்கி, எதிராளி பக்கம் கையைக் காட்டினார்.

நம் ஓரத்தில் மூன்று பேரும் எழுந்து குதித்துக் காற்றில் சதுரம் போடுகிறார்கள். கோச் போடுகிறார். பிசகின காலோடு நிற்கிறவன் போடுகிறான். கேள், கேள் என்று அவர்கள் கத்துவது பாஷை தெரியாவிட்டாலும் புரிகிறது. இவர் திரும்பிப் பார்க்கிறார். முகமூடியைக் கழற்றுகிறார். வாளைத் தூக்கி எதிராளிக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போய்க் கை கொடுக்கிறார்.

அவள் அந்த இடத்தில் நிறுத்தினாள். “ஏன் கேக்கல? கேக்க உரிமை மிச்சம் இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு.”

“அப்புறம்?”

“அவன்தான் மொதல்லங்க. நான் காலை எடுக்கும்போதே தெரிஞ்சுருச்சு, பிந்திட்டேன்னு.”

“ரெஃப்ரியே தயங்கினாரே. கேட்டிருந்தா மாத்தியிருப்பாரோ என்னவோ.”

“மாத்தியிருக்கலாம். அதுக்குத்தான் எங்க ஆளுக அந்தப் பாடுபட்டாங்க. சந்தேகம் இருந்தா கேக்கலாம். எனக்குச் சந்தேகம் இல்லியே.” போனைப் பார்த்தபடியே சொன்னார்: “அவங்க யாரும் இப்ப என்கூடப் பேசுறதில்ல. அவங்க மேல தப்பில்ல. மூணு பேரு வேர்வைக்கும் சேத்து நான் ஒருத்தன் முடிவு பண்ணிட்டேன்.”

வெளியே பழனி பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது.

“சரி, இப்ப என் விஷயத்துக்கு வாங்க” என்றாள் அவள். “நான் வேண்டாம்னேன். அது தப்புன்னு நெனச்சுத்தான திரும்ப வந்திருக்கீங்க. நீங்களே ரெஃப்ரியா இருந்து சொல்லுங்க. நான் சொன்னது சரியா, தப்பா?”

இதற்காகத்தானே ஒரு வாரம் ஒத்திகை. நான் முழங்காலால் அவரை இடித்தேன். அவர் வாயைத் திறந்தார். கட்டிலைப் பார்த்தார். கொடியில் வரிசையாகக் காய்ந்த பழைய சேலைத் துண்டுகளைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த பேசினைப் பார்த்தார். சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த அவளுடைய பஸ் பையைப் பார்த்தார். 

“இல்லீங்க” என்றார் கடைசியில். “நீங்க சொன்னது சரிதான். உங்க எடத்துல நான் இருந்தாலும் அதையேதான் சொல்லுவேன்.”

எழுந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பேசினை எடுத்து அவர் தலையில் போட்டிருப்பேன். சர்க்கரைக்கும் டிக்கெட்டுக்கும் ஊரைக் கூட்டின மனுசன், வாழ்க்கைக்கு ஒரு வார்த்தை பேசாமல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“என்னடி சொல்லுதான்?” என்றது கட்டில்.

“நான் சொன்னதுதான் சரின்னு சொல்றாரும்மா.”

அம்மா வாசல் பக்கம் கழுத்தைத் திருப்பினாள். “ஒரு ஆம்பளையா அப்பிடிச் சொல்லுதான்?” என்றாள்.

மகள் அடுப்படிக்குப் போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. வாழை இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

“சோறு வடிச்சாச்சு. மொச்சைக் கொழம்பு. சாப்ட்டுப் போங்க.”

அவர் ஒரு செருப்பில் கால் நுழைத்தபடி நின்றார். “முடிவாகாத வீட்ல மாப்பிள்ளை கை நனைக்கக் கூடாதுங்க. வழக்கமில்ல.”

“அது எனக்கும் தெரியும்” என்றாள். “பின்னால குழாய் இருக்கு. கை கழுவிட்டு வாங்க.”

எனக்கு அந்த வழக்கமெல்லாம் கிடையாது. நான் அதற்குள் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அவர் அந்த ஒற்றைச் செருப்போடே வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. நான் முதல் சோற்றை முடித்து ரசத்துக்கு வந்தபோதும் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

“ஏடி, டேங்கு காலியாயிரப் போவுது” என்றது கட்டில். “போயி அந்த ஆளைக் கூட்டியா.”